பதினொரு வலையும் ஒரு பட்டியலும்

கணினி வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இரண்டு வகை நாட்கள்தான் கெட்ட நாட்கள்: மின்சாரம் இல்லாத நாள், மின்சாரம் உள்ள நாள். இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள். அடிபடாதவர்கள், யாருக்காவது ஒரு பட்டியலைத் தலைகீழாக்கப் படிப்பித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்று. சண்டை ஓய்ந்து, தீவுக்குப் போகும் பண்ணைப் பாலத்தால் பஸ் ஒழுங்காக ஓடிய காலம். நான் யாழ்ப்பாணம் நகரிலிருந்து தினமும் புறப்பட்டு மண்கும்பானில் இறங்குவேன். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் கடலோர மண்டபம் ஒன்றில் ஆறு கணினிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தது. கூடவே ஒரு ஜெனரேற்றர், கூடவே நான். முதல் வகுப்பு ஆறு மாதம். அது முடிகிற அன்று கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வருவார். அடுத்த வகுப்புக்குப் பத்துப் பேர் பெயர் கொடுத்திருந்தால் கணினிகள் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் லொறியில் ஏறும். லொறியில் அவை ஏறினால் என் வேலையும் கூடவே ஏறும். எனக்கு இருபத்துநாலு வயது, அது என் முதல் வேலை, அதன்மேல் எனக்குப் பைத்தியம்.

பாடத்திட்டத்தில் இருந்தது வேறு கணினி மொழி. அதன் குறுந்தட்டில் கீறல் விழுந்து ஓட மறுத்தது. கனடாவிலிருந்து லீவில் வந்த மச்சாள் கொண்டுவந்த தட்டில் பைதன் என்ற மொழி இருந்தது, போட்டதும் ஓடியது. எங்கள் தீவுக்குப் பைதன் வந்த வரலாறு இவ்வளவுதான்.

சைபராம் கதிரை

பட்டியல் என்றால் என்னவென்று விளக்க ஆறு கதிரைகளை வரிசையாக வைத்து ஆறு மாணவர்களையும் இருத்தினேன். முதல் கதிரையில் உப தபாற்கந்தோரில் வேலைபார்க்கும் பரமேஸ்வரி அக்கா. கடைசிக் கதிரையில், யன்னல் காற்றுக்காக, யேசுதாசன் அண்ணை. கரையில் நின்று இழுக்கும் கரைவலை ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர், அந்தக் கரையின் வலைக்காரர் சங்கத்துக்குச் செயலாளர். கணினி எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து இல்லை, சைபரிலிருந்து என்றேன். ஆகவே முதல் கதிரையில் இருக்கிற அக்கா சைபர்.

அக்காவின் முகம் கறுத்தது. ஊர்க் கோயில் திருவிழாவில் முதலாம் நாள் உபயம் அவர்கள் குடும்பத்துடையதாம், இரண்டாம் நாள்கூட இல்லையாம். சமாளிக்கவேண்டுமே என்று பைதனின் வித்தை ஒன்றை எடுத்துவிட்டேன். கடைசி ஆளை ஐந்து என்றும் கூப்பிடலாம், சய ஒன்று என்றும் கூப்பிடலாம், விருப்பமென்றால் அண்ணையோடு கதிரை மாறி இருங்கள் என்றேன். சய ஒன்று என்றால் சைபருக்கும் ஒன்று குறைய என்று பக்கத்திலிருந்த பிள்ளை விளக்கம் கொடுத்தாள். அக்கா கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்திருந்து சொன்னார்: "வேண்டாம் ரீச்சர், நான் சைபராவே இருக்கிறன். அதுக்குக் கீழ இறங்க என்னால ஏலாது."

வெள்ளிக்கிழமை மீன்

வரிசைப்படுத்தும் பாடம். யேசுதாசன் அண்ணைக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று மீன்களைப் பட்டியலாக்கினேன்: திருக்கை, பாரை, நண்டு, ஓரா. ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். எல்லோரும் தட்டினார்கள், பரமேஸ்வரி அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்று வெள்ளி, விரதம். "தின்னச் சொல்லேல்லை அக்கா, தட்டத்தான் சொன்னனான்" என்றேன். விரல் பட்டால் பட்டதுதான் என்றார். அக்காவுக்கு மட்டும் கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய் என்று தனிப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஒரே வகுப்பில் சைவக் கணினி ஒன்று, மச்சக் கணினி ஐந்து.

கட்டளை கொடுத்ததும் கணினி எழுத்து வரிசைப்படி நண்டைத் தூக்கி முதலில் வைத்தது. யேசுதாசன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. மீனைப் பெயர் பார்த்தா அடுக்குவது? எதை வைத்து அடுக்கவேண்டும் என்று நாங்களே கணினிக்குச் சொல்லிக்கொடுக்கலாம் அண்ணை, நீங்கள் கரையில் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முதலில் பழுதாகக்கூடியது, பிறகு வந்து நிற்கிற வியாபாரி கேட்கிறது, அதிலும் அவர் முகத்தைப் பார்த்து மாற்றவேண்டும், கோயிலுக்கு எடுத்து வைக்கிறது தனி, வீட்டுக்காரி காலையில் என்ன மனநிலையில் இருந்தாள் என்பதும் ஒரு காரணம். மத்தியானம்வரை அதை நிரலாக்கப் பார்த்துத் தோற்றேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "ரீச்சர், உந்த மிசினை ஒருநாளைக்குக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் பழக்கி விடுறன்."

பிரான்ஸுக்குப் போனவர்

மூன்றாம் மாதம் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி கலியாணம் முடித்து நெடுந்தீவுக்குப் போனாள், ஒருவர் பிரான்ஸுக்குப் போனார். வரவுப் பட்டியலில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்தன. நல்ல பயிற்சி கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷம், புளுகம். பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொருவராகப் பார், வராதவரை நீக்கு. கரும்பலகையில் நானே எழுதிக் காட்டினேன், எல்லோரும் பார்த்து அடித்தார்கள். நெடுந்தீவுக்காரி நீங்கிவிட்டாள். பிரான்ஸ்காரர் அசையவில்லை. நான்கு கணினியிலும் சொல்லிவைத்தமாதிரி அசையவில்லை.

இந்தக் குழியில் நீங்களும் விழுந்திருப்பீர்கள், ஆகவே வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். ஓர் ஆளை நீக்கியதும் அடுத்தவர் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார். கணினி அதைக் கவனியாமல் அடுத்த இடத்துக்குக் காலை வைக்கிறது. நகர்ந்தவர் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார். இது எனக்குப் பிடிபட இரண்டு மணித்தியாலமும் ஜெனரேற்றரில் இருந்த டீசல் முழுவதும் போனது. மண்டபத்துக்குப் பொறுப்பான சிவபாலன் அண்ணை, வரவுப் பட்டியலைப் பார்த்துத்தான் தேத்தண்ணி ஊற்றுவார். அன்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "ரீச்சர், பிரான்ஸில இருந்து வாறவருக்குச் சீனி போடுறதோ, விடுறதோ?"

பெயர் கேட்டுப் போனேன்

ஐந்தாம் மாதம் எனக்குப் பயம் பிடித்தது. மிச்சம் நாலு பேர், புதிதாகப் பெயர் கொடுத்தவர் எவருமில்லை. சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு சாட்டியிலிருந்து புளியங்கூடல்வரை வீடுவீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் தோடம்பழத் தண்ணி தந்தார்கள், ஒரு வீட்டிலும் பெயர் தரவில்லை. இலவசம் என்றேன், சான்றிதழ் உண்டு என்றேன், மீன்காரருக்கும் உதவும் என்றேன். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. புளியங்கூடலில் ஒரு வீட்டு அம்மா படலையைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "யேசுதாசன் அஞ்சு மாசமாப் படிக்கிறார், இன்னும் கையாலதானே பிள்ளை வலை இழுக்கிறார்?"

இரண்டு பெயர், ஒரு முதுகு

ஆறாம் மாதக் கடைசியில் சோளகக் காற்று. பதினாறு நாள் ஒரு வலையும் கடலில் இறங்கவில்லை. அந்தக் கரையில் பதினொரு கரைவலை, ஆளுக்கொன்றாகப் பதினொரு சம்மாட்டிமார். விடியற்காலையில் முதல் வலை வளைக்கிறவருக்குத்தான் நல்ல மீன், ஆகவே அதற்கு முறை உண்டு. இன்று முதலாவது வளைத்தவர் நாளைக்குக் கடைசி ஆள், மற்றவர்கள் ஒவ்வோர் இடம் முன்னே வருவார்கள். ஞாயிறு பூசை, கடல் இல்லை, முறையும் நகராது. காற்றால் தவறிய நாளில் முறை நகரும், காற்றுக்குப் போன முறை போனதுதான். இப்போது காற்று விழுந்துவிட்டது. நாளைக்கு யார்? காற்றுத் தொடங்கிய அன்று முறை வைத்திருந்தவர் அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார், யேசுதாசன் அண்ணையின் மனைவிக்குத் தமையன். தன் முறைதான் நிற்கிறது என்று அவர் நின்றார். மற்ற ஒன்பது வலைக்காரரும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள்.

கணினியில் போட்டுப் பார்ப்போம் என்றார் யேசுதாசன் அண்ணை. என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பட்டியலைச் சுழற்றுவது எனக்குப் பிடித்த பாடம். பதினாறு நாளில் ஞாயிறு இரண்டு போக மிச்சம் பதினாலு, ஆகவே பதினாலு தரம் சுழற்ற வேண்டும் என்று நான் தொடங்க, "பதினொண்டு சுத்தினா ஒரு வட்டம் ரீச்சர், அது வந்த இடத்துக்கே வந்திடும். மூண்டு பேரைக் கடைசிக்கு அனுப்புங்கோ, அவ்வளவு காணும்" என்றார் அவர். மீதி காணும் அந்த வித்தைக்கு நான் ஒரு முழுப் பாடம் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். மூன்று பேரை அனுப்பியதும் முதலாவதாக வந்து நின்ற பெயர் யேசுதாசன்.

அவருக்கு வேர்த்துவிட்டது. பரமேஸ்வரி அக்கா புளியங்கொட்டை பதினொன்றை மேசையில் வைத்து நகர்த்திப் பார்த்தார். சரிதான். சனம் நம்பவேண்டுமே, காற்றுக்கு முந்திய பட்டியலையும் நாளைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள் என்று அண்ணை கேட்டார். நான் 'பழையது சமன் வலைகள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, 'வலைகள்' என்ற பட்டியலைச் சுழற்றி, அச்சடித்து, அவசரத்தில் வாசித்தும் பாராமல் சங்கச் சுவரில் ஒட்டுவித்தேன். மறுநாள்தான் அதிகாரி வருகிற நாள், நான் நிலத்தில் நிற்கவில்லை.

அந்த ஒரு வரி பட்டியலைப் பிரதி எடுப்பதில்லை. ஒரே பட்டியலுக்கு இன்னொரு பெயரை வைக்கிறது. ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி அடித்தாலும் வீட்டுப் பெயரைச் சொல்லி அடித்தாலும் அடி விழுகிறது ஒரே முதுகில்தான். நான் வலைகளைச் சுழற்ற, 'பழையது' என்பதும் கூடவே சுழன்றுவிட்டது. சுவரில் இரண்டு பட்டியலும் ஒன்றுபோல இருந்தன, இரண்டிலும் முதற்பெயர் யேசுதாசன். அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார் இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து முடித்துவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "காத்துக்கு முதலும் இவன், காத்துக்குப் பிறகும் இவன். அப்ப பதினாறு நாள் காத்தடிச்சது ஆருக்கு?"

சங்கச் சுவருக்கு முன்னால்

பிழையைத் திருத்திச் சரியான தாளை ஒட்டினேன். ஒருவரும் அதை வாசிக்கவில்லை. மறுநாள், அதிகாரி வரும் அன்று விடியற்காலை, சண்டை தீரும்வரை எந்த வலையும் இறங்காது என்று தீர்மானித்து, பத்து வலைக்காரரும் சுவருக்கு முன்னால் நின்றார்கள். யேசுதாசன் அண்ணை செயலாளர் வேலையை விடுகிறேன், என் முறையையும் விடுகிறேன் என்று மண்டபத்துக்குள் வந்து கதிரையில் இருந்தார். கள்ளன் என்ற பேச்சை அவர் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கணக்கு அவருடையது, சரியானது. பிழை என்னுடையது.

வெளியே போய்ச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். பிழைவிட்டது நான், அண்ணை இல்லை, பாருங்கள் என்று பதினொரு சிப்பியை மணலில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு நாளாகச் சொல்லிச் சொல்லி ஒரு சிப்பியைக் கடைசிக்கு நகர்த்தினேன், ஞாயிறில் கையை எடுத்தேன். ஆறாம் நாளிலிருந்து அவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். ஒருவர் நான் தொடமுன்னரே ஒரு சிப்பியைத் தள்ளிவிட, மற்றவர்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். பதினாறாம் நாள் முடிய, முதலாவதாக நின்றது யேசுதாசன் சிப்பி. அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார் குந்தியிருந்து இன்னொரு தரம் தானே நகர்த்திப் பார்த்தார். எழும்பி மணலைத் தட்டினார். "கணக்குச் சரிதான். ஆனா பதினொரு வலைக்கும் இதை எழுதத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தனோ? எங்கட பேரையும் எழுதும் பிள்ளை, நாங்களும் படிக்கிறம்."

அதிகாரி இறங்காத வாகனம்

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் வாகனம் வந்தது. பத்து ஆம்பிளைகள் என்னைச் சுற்றிநின்று ஒரேயடியாகத் தங்கள் தங்கள் பெயரைக் கத்துகிறார்கள், யார் பெயர் முதலில் எழுதப்படுவது என்று அதற்கும் தள்ளுமுள்ளு. தூரத்திலிருந்து பார்த்தால் என்ன விளங்கும்? சாரதி வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கிவிட்டான். நான் பதிவுப் புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு செருப்பு ஒன்று கழன்ற காலோடு பின்னால் ஓடினேன், எனக்குப் பின்னால் பத்துச் சம்மாட்டிமாரும் ஓடிவந்தார்கள், அதைக் கண்டு வாகனம் இன்னும் வேகமாகப் பின்னே போனது. பனைவடலி ஒன்று மறித்ததால்தான் நின்றது.

கண்ணாடியை நாலு விரல் அகலத்துக்கு இறக்கினார் அதிகாரி. மிச்சப் பெயர்களையும் எழுதி முடித்து அதற்குள்ளால் புத்தகத்தை நீட்டினேன். விரல் வைத்து எண்ணினார், ஒன்றிலிருந்துதான் எண்ணினார், பத்து. அவர் எனக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பத்துப் பேர் வேணுமெண்டு நான்தான் சொன்னனான். இவ்வளவு கோவமா வருவினமெண்டு நினைக்கேல்லை."

சண்டைக்குப் போன நாள் முறைக் கணக்கில் சேராது என்று முடிவாகி, மறுநாள் விடிய யேசுதாசன் அண்ணை முதல் வலை வளைத்தார், மறிக்க ஒருவரும் வரவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் பத்துச் சம்மாட்டிமாரும் ஆளுக்கொரு முறைப் பட்டியல் நிரல் தாங்களே எழுதிக் கொண்டுவந்தார்கள், ஒவ்வொன்றிலும் நாளைய முதல் வலை அதை எழுதியவருடையதாகவே இருந்தது, நான் என் அறிக்கையில் 'மாணவர் அனைவரும் இப்போது பிறர் உதவியின்றி நிரல் எழுதுகிறார்கள்' என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவைத்தேன்.