பர்னரில் வைத்த சந்தனம்

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, காலை 10.40. தூறல், கிழக்குக் காற்று. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கி அன்று இரண்டாம் நாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனையிலிருந்து சங்கராபுரம் போகும் சாலையில், கண்ணுக்கு எட்டிய வரை ஏழு புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "வழி திறந்த அன்னிக்கே அடுப்பத் திருப்பிக் குடுத்துடப் போறேன்."

கேஸ் அடுப்பு வந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. விறகுப் புகை ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டே, அதற்காக நான்கு வருடம் காத்திருந்தவள் அவள். ஆனால் பத்து நாளாகத் தீ மஞ்சளாக எழும்பி எரிந்தது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. ஏதோ கருகும் வாடை வேறு. ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பதினோரு முறை போய்ப் பார்த்தேன்.

"நீங்க எட்டி எட்டிப் பாத்தா அதுக்கும் பயமாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

அப்போது வாசலில் பேச்சுக் குரல். முந்தின நாள் மரங்களுக்கு நடுவே சிக்கிய பேருந்தின் ஆட்கள், நனைந்துபோய் எங்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். டிரைவரோடு சேர்த்துப் பதினேழு பேர். கொல்லையில் விறகும் நனைந்து கிடந்தது. மனைவி என்னைக் கேட்காமலே அரிசியை அளந்தாள். "இன்னிக்கி ஒருநாள் கேஸ்ல ஆக்கிப் போட்டுடறேன். அப்புறம் நீங்க தூக்கிக்கினு போங்க."

கூட மாட உதவ ஓர் அம்மாள் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கேன்டீனில் சமைப்பவராம். தீயைப் பார்த்ததும் அணைத்து, ரெகுலேட்டரையும் மூடினார்.

"இன்னா சார் இது, அடுப்பு தரையில குந்திக்கினு கீது, சிலிண்டரு மேல இருந்து அத்தப் பாக்குது?"

விறகடுப்பு தரையில்தானே இருந்தது, அந்த இடத்திலேயே இதையும் வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல், "கேஸ் ஒழுகுதும்மா. நெருப்புக்குச்சி கொளுத்திக்கூடப் பாத்துட்டேன், எங்கன்னு தெரியல" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா சொல்றதுக்கு நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

ஜன்னலைத் திறந்தார். சோப்பை நுரைத்து ரப்பர் டியூபின் இரண்டு முனைகளிலும் தடவி, ரெகுலேட்டரை மட்டும் திறந்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுபடி மூடினார். ஒழுக்கு இல்லை. ஆறியிருந்த பர்னரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல சந்தனம் வெச்சது யாரு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அடுப்பைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெடித்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பர்னருக்கு ஒன்பது பொட்டு. அன்றோடு ஆறு வெள்ளி. மண் அடுப்பு எவ்வளவு பூசினாலும் தாங்கும். இங்கே சந்தனம் வெந்து துளைகளில் கெட்டியாக இறுகிவிட்டது.

"ஓட்ட அடைஞ்சா தீ எப்படிங்க மூச்சு வுடும்?" என்றவர், தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் குத்த ஆரம்பித்தார். நான் எண்ணினேன். அறுபத்து நான்கு துளைகளில் முப்பத்தொன்பது அடைபட்டிருந்தன. இன்னொரு பர்னரில் நாற்பத்திரண்டு. கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்தோம். டிரைவர் வந்து அடுப்பை மேசைமேல் தூக்கி வைத்தார். சிலிண்டர் நிமிர்ந்தபடி தரையில் நின்றது.

"வேல முடிஞ்சா அடுப்ப மட்டும் மூடனா பத்தாது, ரெகுலேட்டரையும் மூடணும்."

"அத்த அவரு பதினோரு வாட்டி மூடறாருங்க" என்றாள் மனைவி.

குச்சி கிழித்ததும் தீ வட்டமாக, சத்தமில்லாமல், நீலமாக எரிந்தது. ஜன்னலில் ஐந்து தலைகள். "ரெண்டு நாளா என் வண்டி நிக்குது, இங்க இன்னாடான்னா ஸ்டார்ட் ஆயிடுச்சி" என்றார் டிரைவர். மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

கத்தரிக்காய் சாம்பார், சோறு, அப்பளம். வீட்டு ஆட்களோடு பத்தொன்பது பேர் சாப்பிட்டோம். சமையல் முடியும் வரை அவள் ஒருமுறைகூட இருமவில்லை. அதையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

"வழி திறந்தா திருப்பிக் குடுக்கணும்னீங்களே?" என்றாள்.

"எத?" என்றேன்.

தூறல் விட்டதும் எல்லோரும் மரங்களைத் தாண்டி நடந்து போவதென்று கிளம்பினார்கள். அந்த அம்மாளின் ஊக்கு கறுத்து வளைந்துபோயிருந்தது. தெருமுனைக் கடையின் பாதிக் கதவைத் தட்டி, பன்னிரண்டு ஊக்கு உள்ள அட்டை ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். இரண்டை எடுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். "அடுப்புக்கு வெச்சிக்கங்க. பொட்ட இனிமே சிலிண்டருக்கு வைங்க சார், அது கோச்சிக்காது."

அடுப்பு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்கு எனக்கு ஆன மொத்தச் செலவு, அறுபது பைசா.