காதைப் பிடித்தபடி குந்தியிருந்த கதை

உடுவிலில் மாமாவின் தண்ணீர் மிசின் பழுதாகிவிட்டது. நேற்று வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க நான்தான் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்தேன். கந்தோரில் கோப்புப் பார்த்துக் கதிரையில் இருந்தே பழகிய கால்கள் இவை.

இன்று காலை பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போடக் குந்தினேன். எழும்ப முடியவில்லை. இரண்டு காதையும் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

"மருமோன் பக்தியிலை உருகிப்போனார்" என்று மாமா பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், விஞ்ஞானம் படிப்பிக்கும் மனைவி விளக்கினாள்.

"பழகாத வேலை செய்தால் தசைநாருக்குள்ளை சின்னச் சின்னக் கிழிசல் வரும். அது ஆறேக்கை முந்தினதைவிடப் பலமாகும். திருப்பிச் செய்தால் இவ்வளவு நோகாது."

உள்ளிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"அப்ப மிசினைத் திருத்தத் தேவையில்லை."

மிசின் திருத்தத் தெரிந்தவர்கள் மாமாவுக்குத் தெரியாமல் வாருங்கள். நான் எழும்பி வந்து படலையைத் திறக்கத்தான் சற்று நேரமாகும்.