நாலு டயரும் நாலு சந்தனப் பொட்டும்

பிள்ளைகளே, நீங்கள் இன்றைக்கும் "அப்பாவின்ரை டயர் கூத்து" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தத் தை மாதம் எனக்கு இருந்த படபடப்பும் சந்தோசமும் உங்களுக்குத் தெரியாது. அதுதான் எழுதுகிறேன்.

உங்கள் சித்தி அல்ப்ஸ் மலை ஊரொன்றில், பக்கத்தில் ஒரு சொந்தமும் இல்லாமல் பிள்ளை பெற்றிருந்தா. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்து நிற்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் காரில் கிடந்ததோ பனியில் வழுக்கும் கோடை டயர்.

பாரிசில் ஸ்டாலின்கிராட் பக்கம் கராஜ் வைத்திருந்த அண்ணையிடம் ஓடினேன்.

"மாரிப் பனிக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் வைச்சிருக்க இடம் வேணும், தம்பி. உம்மடை நிலவறையிலை என்ன கிடக்கு?"

"அரிசி மூட்டை, அண்ணை."

"அப்ப நாலு பருவத்துக்குமான டயரைப் போடும். கோடையிலை கொஞ்சம் கெதியாத் தேயும். கடும் பனியிலை மாரி டயர் மாதிரிப் பிடிக்காது. ஆனா உமக்கு அது காணும். ரெண்டு இல்லை, நாலையும் மாத்த வேணும், ஓமோ?"

"ஓம், ஓம்."

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன மலை அடையாளம், அதற்குள் ஒரு பனிப்பூ. அண்ணை அதை விரலால் தட்டிக் காட்டினார். "இதுதான் முக்கியம். இது இல்லாட்டிப் பொலிஸ் மலையிலை ஏற விடாங்கள்."

இதுதான் முக்கியம்! அந்தச் சொல் என் தலைக்குள் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை பஜோல் தெருக் கோயிலடியில் புது டயருக்கு ஒன்றாய் நாலு தேசிக்காய் வைத்து நசித்தேன். பிறகு முக்கியமான இடம் அதுதானே என்று, நாலு பனிப்பூவின் மேலும் சந்தனத்தைத் தடிப்பாக அப்பினேன்.

அடுத்த நாள் மலையடியில் பொலிஸ் மறித்தது. முன்னுக்குப் பல கார்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சித்தி பிள்ளையோடு காத்திருப்பா என்று நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு பொலிஸ்காரர் குனிந்து ஒரு டயரைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், நாலையும் சுற்றி வந்தார். சந்தனத்தில் வழிச்சேறு ஒட்டிக் காய்ந்து, எல்லாவற்றிலும் ஒரே கறுப்புக் கட்டி.

"அப்பா, அடையாளம் எங்கை எண்டு கேக்கினம்" என்றாள் மூத்தவள். பிறகு தானே பிரெஞ்சில் அவருக்குச் சொன்னாள்: "மேக்கப் போட்டிருக்கு, மெசியூ!"

உங்கள் அம்மா கார்க் கண்ணாடியை இறக்கினா. "உங்களுக்குப் பொட்டு வைக்க வேறை இடமே கிடைக்கேல்லையோ?"

நான் பனியில் முழங்காலில் இருந்து, பிளாஸ்கில் இருந்த சுடு தேத்தண்ணியை ஊற்றிச் சட்டைக் கையால் தேய்த்தேன். மலை வந்தது, பனிப்பூவும் வந்தது! பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். கார் வெள்ளைப் பாதையில் வழுக்காமல் ஏறியபோது நான் கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகச் சித்தி வீட்டு வாசலில் நின்றோம். சித்தி பிள்ளையை என் கையில் தந்தா.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரம், மிஞ்சிய சந்தனக் கிண்ணத்தோடு தனியே இறங்கிப் போனேன். ஒவ்வொரு சில்லின் நடு மூடியிலும் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். பனிப்பூக்களைக் கைக்குட்டையால் இன்னொரு தரம் துடைத்துவிட்டேன்.