ராவ்யாவைப் பற்றி விசாரித்தவள்

தெருவே கூடித் தனக்குக் குழி பறிக்கிறது என்ற சந்தேகம் ராவ்யாவுக்கு ஒரு கட்டுப் புதினாவில் ஆரம்பித்தது.

தினமும் காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து அவள் கயிற்றில் கூடையை இறக்குவாள். உள்ளே ரேஷன் ரொட்டி அட்டையும், வேண்டியதை எழுதிய சீட்டும் இருக்கும். கீழே மளிகைக்கடை ஹாஜி பர்ஹாம் ரொட்டியை வாங்கிப் போட்டு, ஏதாவது முணுமுணுத்து, கயிற்றை இரண்டு முறை இழுப்பார். ஒன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை மேலே வந்த கூடையில் அவள் கேட்காத புதினா இருந்தது. எட்டிப் பார்த்தால், ஹாஜி அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ராவ்யாவுக்கு முப்பத்தாறு வயது. இடது கால் பிறவியிலேயே சூம்பியது. ஆட்டிசம் என்ற பெயரை இருபத்தெட்டு வயதில்தான் ஒரு டாக்டர் சொன்னார். அதுவரை எகிப்தின் தமன்ஹூர் நகரில் அந்தச் சந்து அவளுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தது. அந்தக் கண்றாவியை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க அவளுக்கு வராது. அதனால் பழக்கத்தைப் படிப்பாள். நேற்றுச் செய்ததை ஒருவர் இன்று மாற்றிச் செய்தால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வாள். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். முகத்தைப் பார்த்துப் பழகுகிற நாம் அதைவிட அதிகம் ஏமாறுகிறோம்.

நோட்டில் பெரும்பகுதி இரண்டாம் மாடி உம்மு ஷைமாவுக்குப் போனது. மேலிருந்து ஈரத்துணி சொட்டினால் கத்துவாள், நாற்காலி நகர்ந்தால் கத்துவாள். செவ்வாயும் சனியும் இன்னும் மோசம். அன்றைக்குத்தான் காஸ் சிலிண்டர் வண்டிக்காரன் வருவான். சிலிண்டரை ஸ்பேனரால் டங்கு டங்கென்று அடித்துக்கொண்டே சந்து முழுக்கச் சுற்றுவான். அந்தச் சத்தம் ராவ்யாவின் மண்டைக்குள் இறங்கும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து உம்மு ஷைமாவும் ஜன்னலில் நின்று காட்டுக்கத்தல் கத்துவாள். பஞ்சைத் தாண்டி வார்த்தை கேட்காது. 'நான் படும் பாடு தெரிந்து, வேண்டுமென்றே' என்று நோட்டில் எழுதியிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவள் புதினா வந்த மறுநாள் ஒரு கிண்ணம் முலூகியாக் கீரையோடு வந்து நின்றாள்.

"சாப்பிடு கண்ணு. எலும்பும் தோலுமா இருக்கே. எப்பப் பாரு இந்தச் சாம்பல் கலர்தானா? கொஞ்சம் பளிச்சுன்னு உடுத்தக் கூடாதா?"

ராவ்யா கிண்ணத்தைத் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு எழுதினாள்: 'கத்தவில்லை. உணவு. உடையைப் பற்றிக் கேள்வி. ஏன்?'

அடுத்த மாதம் அஞ்சலகத்தில் காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தாள். ஊனமுற்றோர் உதவித்தொகை வரவில்லை. "நிறுத்திட்டாங்கம்மா, ஆபீஸ்ல போய்க் கேளு" என்றான் கவுண்டர்க்காரன்.

அந்தப் பணம்தான் வீட்டு வாடகை. அது நின்றால் அவள் மஹல்லா நகரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். நாலு பிள்ளைகள், எந்நேரமும் அலறும் டிவி, தாழ்ப்பாள் இல்லாத ஓர் அறை. ஒருமுறை அங்கே பதினோரு நாள் இருந்ததில் அவளுக்குப் பேச்சே நின்றுபோனது. சொந்தக் கதவு போய்விடும் என்ற பயத்தில் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு ஏறினாள். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காட்டிக் கொடுத்தவர்கள்தான் புதினாவும் கீரையும் தருவார்கள். வேறென்ன?

ஆபீஸில் குமாஸ்தா கோப்பை விரித்து, ராகம் போட்டு வாசித்தார். "விசாரணைக்கு நேரில் போன அம்மா எழுதியிருக்காங்க. 'அக்கம்பக்கத்தார் வாக்குமூலம்: குதிரை மாதிரி ஆரோக்கியம். ஒரு நாளைக்குப் பத்து தடவை மாடி ஏறி இறங்குவாள். வீடு கண்ணாடி மாதிரி பளபளக்கும். முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்து அவள் சுருட்டுகிற மஹ்ஷி விரலைவிட மெல்லிசு.' அப்புறம் எதுக்கும்மா உனக்கு உதவித்தொகை?"

"நான் மஹ்ஷி சுருட்ட மாட்டேன். முட்டைக்கோஸ் வேகிற வாசனை எனக்கு ஆகாது" என்றாள் ராவ்யா.

"அதை இங்க சொல்லி என்ன பண்ண? மேல்முறையீட்டுக் குழு முன்னாடி, பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தர் வந்து சொல்லட்டும்."

விரலைவிட மெல்லிசு. அந்தப் பேச்சு அவளுக்குத் தெரியும். தன் மகள் ஷைமாவைப் பெண் பார்க்க வந்தபோது உம்மு ஷைமா படிக்கட்டு அதிரச் சொன்னது அதே வார்த்தைதான். புகழ்ந்தே வயிற்றில் அடிக்கிற விரோதியை ராவ்யா கேள்விப்பட்டதேயில்லை.

வீடு திரும்பியதும் ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினாள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

உம்மு ஷைமாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டாங்களா? மாப்பிள்ளை என்ன வேலையாம்?"

"எந்த மாப்பிள்ளை?"

"மறைக்காதடி! அன்னிக்கு வந்தாளே, பட்டுத் தலைத்துணி, கையில ஃபைலு. மாப்பிள்ளையோட அக்காதானே? 'மூணாம் மாடிப் பொண்ணு எப்படி, சமைப்பாளா, வெளியே போவாளா, உடம்புக்கு ஏதாச்சுமா'ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. கல்யாணமாகாத பொண்ணைப் பத்தி வேற எதுக்குடி இப்படிக் கேப்பாங்க? நான் விடுவேனா? ஹாஜிகிட்டயும் சொல்லி வெச்சேன். 'கால் ஏன் இழுக்குது'ன்னு அவ கேட்டதுக்கு, 'வெட்கம், அதான் மெதுவா நடக்குறா'ன்னுட்டார் மனுஷன்!"

"அவங்க ஆபீஸ்லேர்ந்து வந்தவங்க. என் பணத்தை நிறுத்திட்டாங்க."

உம்மு ஷைமா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி நாக்கே" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

இதையும் ராவ்யா உடனே நம்பிவிடவில்லை. அழுகை நடிப்பாக இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு ஆள் என்று அழைத்துப்போக வேறு யாரும் கிடையாது. குழு கூடும் நாளன்று மைக்ரோபஸ்ஸில் இருவரும் போனார்கள். பஸ் இரைச்சலுக்காக ராவ்யா காதில் பஞ்சை லேசாக அடைத்திருந்தாள், பக்கத்தில் பேசுவது கேட்கும் அளவுக்கு.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண் கேட்டாள். "இந்தப் பொண்ணு எப்படிம்மா?"

"தங்கமான பொண்ணு" என்று ஆரம்பித்தாள் உம்மு ஷைமா. "வீடு கண்ணாடி..."

ராவ்யா வாசலைப் பார்த்தாள். நினைத்தபடியே ஆயிற்று. மறுபடியும் கழுத்தை அறுக்கிறாள்.

உம்மு ஷைமா சட்டென்று நிறுத்தினாள். திரும்பி ராவ்யாவின் முழங்கையைத் தொட்டாள். "காதைப் பொத்திக்கோ கண்ணு. ஒரு பொண்ணை வெச்சுக்கிட்டு அவ குறையெல்லாம் நான் சொல்லக் கூடாது. நீ கேக்காதே."

வாழ்நாளெல்லாம் காதைப் பொத்தி வாழ்ந்தவள் ராவ்யா. அன்றைக்குப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மஹ்ஷியாவது ஒண்ணாவது! வேகவெச்ச உருளைக்கிழங்குதான் தினமும். வாரத்துல ரெண்டு நாள் படி இறங்குனா பெரிசு. இறங்குறப்ப ஒவ்வொரு படியிலயும் நிப்பா, நான் கதவுக்குப் பின்னாடி நின்னு எண்ணுவேன், விழுந்துடப் போறாளேன்னு. காஸ்காரன் சிலிண்டரைத் தட்டுனா மேல மேசை இழுக்குற சத்தம் கேக்கும். அடியில போய் உக்காந்துடுவா, ஒரு மணி நேரம் வரமாட்டா. நானும் செவ்வாய் தவறாம, சனி தவறாம ஜன்னல்ல நின்னு அந்த நாயைத் திட்டுறேன், 'தட்டாதடா, மேல புள்ள சாகுதுடா'ன்னு. கேக்குறானா அவன்?"

நடுவில் இருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு ராவ்யாவைப் பார்த்தாள்.

"இதெல்லாம் உண்மையாம்மா?"

மனசில் இருப்பது அவமானமா என்று ராவ்யா தேடிப் பார்த்தாள், அது இல்லை. நோட்டில் அத்தனை பக்கம் தப்பாக எழுதிவிட்டோமே என்ற வருத்தம்தான் இருந்தது.

"ஒரு மணி நேரம் இல்லை. நாற்பது நிமிஷம்" என்றாள். "மத்ததெல்லாம் உண்மை."

அந்தப் பெண் 'உதவித்தொகை தொடரட்டும்' என்று எழுதித் தாளில் முத்திரையைக் குத்தினாள். வெளியே வந்ததும் உம்மு ஷைமா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "காதைப் பொத்திக்கிட்டியா?"

பொய் சொல்லிப் பழகாத ராவ்யா, ஆமாம் என்று தலையாட்டினாள்.