போனுக்கு முன்னால் இருமுங்க

வீடு வீடாக ஏறி இறங்கும் அக்கா தங்கச்சிகளே, உங்களுக்காவது மாத்திரை கொடுக்கிற வேலை. எனக்கு ஊரையே இரும வைக்கிற வேலை. இருமல் சத்தத்தைக் கேட்டு ஒரு போன் டி.பி. இருக்கா என்று யூகிக்கும். இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. அது சொல்வது சரியா என்று பார்க்க, எல்லாரிடமும் சளியும் வாங்கி லேபுக்கு அனுப்புவோம். என் மூணு வயசுப் பொண்ணு இப்போது எந்தப் போனைப் பார்த்தாலும் இருமிக் காட்டுகிறாள்.

நல்லா இருக்கிறவங்களும் வேணும்

மாதனூரில் பஷீர் பாய்க்கு டேனரியில் பஃபிங் வேலை. தோலை மெஷினில் தேய்த்து வழவழப்பாக்கும் இடம், எப்போதும் தூசி பறக்கும். ஒரு மாசமாக இருமல். "டி.பி.ன்னு தெரிஞ்சா சூப்பர்வைசர் உள்ளயே விடமாட்டான். கைக்குழந்தை வேற பக்கத்துலயே தூங்குது" என்று பயந்துகொண்டே இருமினார். சிவப்பு. நான் போனை மறைப்பதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

அடுத்து அவர் சம்சாரம் ஷகிலா. நோய் இல்லாதவர்களை இல்லை என்று சொல்லப் போனுக்குத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டுமே! காலையில் லேசாகத் தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான் என்றாள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் இருமுவது போல ஒரு இருமல். பச்சை. சளி டப்பாவை நீட்டினால் தள்ளிவிட்டாள். சிவப்பைப் பார்த்து ஆடிப்போயிருந்த பாய்தான் "குடுத்துடு, குடுத்துடு" என்று விடவில்லை. வேண்டா வெறுப்பாக வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"நல்லா இருக்கறவளைப் போட்டு பேஜார் பண்றீங்களே அக்கா, சாயங்காலம் உங்க போனா வந்து சமைக்கும்?"

செக்ஷன் முழுக்க சிவப்பு

அந்த வாரமே பாய் வேலை செய்யும் இடத்துக்கும் போனோம். பஃபிங் ஆட்கள் வரிசையாக இருமினார்கள். வரிசையாகச் சிவப்பு! ஆனால் லேபில் ஒருத்தருக்கும் டி.பி. இல்லை, பாய்க்கும் இல்லை. எல்லாம் தூசி இருமல். போன் வேறெங்கோ, தோல் தூசி படாதவர்களின் இருமலைக் கேட்டுப் பழகியதாம்.

"அப்போ பஃபிங் ஆளுங்களை விட்டுட்டுக் கணக்குப் போடலாமா மேடம்?" என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன்.

"விட்டுட்டா போன் பாஸாயிடும் தேவி. அப்புறம் டேனரி ஆளுங்களே நிறைஞ்ச ஆம்பூர்ல அதை யாருக்கு வைக்கறது?"

பச்சை

டப்பாவைக் கடைசியாகத் திருப்பிக் கொடுத்த ஷகிலாவின் ரிசல்ட் மறுநாள் வந்தது. டி.பி. இருந்தது. போன் பச்சை என்றவளுக்கு!

விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "குழந்தைக்கு?" டாக்டர் மேடம் குழந்தையைச் சோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்து, வராமல் இருக்க மருந்தும் கொடுத்தார். ஷகிலாவுக்கு அன்றைக்கே மாத்திரை ஆரம்பம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற பாய் என் பக்கம் திரும்பினார்.

"உன் போன் எங்க ரெண்டு பேருக்கும் தப்பாத்தான் சொல்லிச்சு தங்கச்சி. ஆனா அது என்னை மிரட்டலைன்னா, இவ அந்த டப்பாவைக் கையால தொட்டிருப்பாளா?"

சிவப்புக்குப் பதறாமல், பச்சைக்கு நிம்மதியாகாமல், லேபு ரிசல்ட் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்த வேலை. அதைப் போய் என்னை மாதிரி வாயாடியிடம் கொடுத்திருக்கிறார்கள்.