காக்கை இல்லாத தீவு

குவாயாகில் விமான நிலையத்தில் கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி, சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஆட்டிப் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. உள்ளே கறுப்பு எள். முளைக்கக்கூடிய எதுவும் கலாபகோஸ் தீவுகளுக்குள் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். என் பெட்டியில் இருந்த கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் அதற்கு முன்பே குப்பைக்கூடைக்குப் போயிருந்தன. நான் வாய் திறக்கவில்லை. துறைமுகங்களில் பிழைத்தவனுக்கு எந்த அதிகாரியிடம் பேசலாம், யாரிடம் கூடாது என்பது பழகிப்போயிருக்கும். எள்ளுக்குச் சொந்தக்காரர் எனக்குப் பின்னால் நின்றார், நியூஜெர்சியில் பார்சிப்பனி என்ற ஊர்க்காரர், பார்சிப்பனி சார் என்போம். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எள் தன் மனைவிக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் மனைவி எங்கே என்பதுபோல வரிசையைப் பார்த்தாள். சார் மேலே கையைக் காட்டினார். அவள் கூரையைப் பார்த்துவிட்டு, பையைக் கூடையில் போட்டாள்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சரக்குக் கப்பல் அடுப்படியில் சில வருஷம், பிறகு ஹூஸ்டனில் ஒரு கல்யாண மண்டபம், அங்கிருந்து நியூஜெர்சி ஹோட்டல்கள். ஒரு சமையலறையில் இரண்டு வருஷத்துக்கு மேல் என் கால் தங்காது. அமெரிக்கச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுகிறவர்களோடு நின்று நின்று ஸ்பானிஷ் வந்துவிட்டது. எழுதத் தெரியாது, திட்டவும் கெஞ்சவும் தெரியும். நியூஜெர்சியில் ஒரு அக்கா தமிழ்க் குடும்பங்களை உலகம் முழுக்க டூர் கூட்டிப் போவார். ரசம் இல்லாமல் எரிமலையைப் பார்க்க முடியாதவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். அதற்குக் கூடவே ஒரு சமையல்காரன் வேண்டும், ஸ்பானிஷும் தெரிந்தால் நல்லது. அப்படித்தான் நானும் பயணிகளில் ஒருவனாகக் கணக்கில் சேர்ந்து, ஒரு சின்னக் கப்பலில் ஏறினேன்.

பார்சிப்பனி சாருக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக வந்திருந்தார். கூட்டத்தில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. கட்டில் ஆடுகிறது என்பார், குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்பார், நான் வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னப்பா, இதுலயும் கடல் தண்ணியா?" என்பார். ஆனால் எதைப் பார்க்க வந்தோமோ அதை அவர் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

பார்க்க அங்கே அவ்வளவு இருந்தது. சான்டா குரூஸ் தீவின் மேட்டுநிலத்தில் ராட்சத ஆமைகள் புல்லுக்குள் கிடந்தன. பக்கத்தில் போனால் புஸ்ஸென்று மூச்சை விட்டுத் தலையை இழுத்துக்கொண்டன, பாரமேற்றிய லாரி நிற்கும் சத்தம். எரிமலைக் குழம்பு ஓடிக் காலியான குகைகளுக்குள் ரயில் சுரங்கம் போல நடந்து போகலாம். பார்த்தலோமே தீவில் உச்சி வரை மரப்படி போட்டிருக்கிறார்கள். ஏறிப் பார்த்தால் கீழே சாம்பலும் துருப்பிடித்த நிறமும், ஒரு புல் கிடையாது. அடுப்பை அணைத்த மறுநாள் காலை மாதிரி இருந்தது. நிலநடுக்கோட்டில் பென்குவின் நிற்கிறது என்று நம்பாமல் பார்த்தோம். கடல் ஓணான்கள் கரும்பாறை மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து மூக்கு வழியே உப்பைத் தும்மின. படகுத்துறை பெஞ்சில் கடல் சிங்கம் தூங்கியது. எழுப்பக் கூடாது, நாம்தான் நிற்க வேண்டும். மற்றவர்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். சார் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். இறங்கிய முதல் நாளே எங்கள் வழிகாட்டியிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். இங்கே காக்கை எந்தப் பக்கம் வரும்?

வழிகாட்டி அந்தத் தீவிலேயே பிறந்த பெண், நாற்பது வயது இருக்கும். காக்கை இங்கே கிடையாது என்றாள். சார் நம்பவில்லை. குருவிகளில் இத்தனை வகை, மாக்கிங்பேர்டு என்கிற போலிப்பறவையில் இத்தனை வகை என்று அவள் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்து, "இந்தம்மாவுக்கு இங்கிலீஷ் சரியா புரியல. நீ அவங்க பாஷைல கேளு" என்றார். நான் கேட்டேன். அதே பதில். "காக்கா இல்லாத ஊரு ஒண்ணு இருக்குமாப்பா? பார்சிப்பனிலயே இருக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

விஷயத்தை டூர் அக்காதான் எனக்குச் சொன்னார். சாரின் மனைவிக்கு இந்தத் தீவுகள் மேல் பைத்தியம். டிவியில் வரும் நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாராம். எந்தப் பறவை எந்தத் தீவில் என்பது மனப்பாடம். சார் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் போகலாம் என்றிருக்கிறார். முதலில் கிரீன் கார்டு வரட்டும், பிறகு வீடு, பிறகு மகள் காலேஜ், பிறகு மகள் கல்யாணம். எல்லாம் முடிந்தபோது அந்த அம்மாவும் முடிந்துவிட்டார். அவருடைய திதி இந்தப் பயணத்துக்குள் வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்துத்தான் சார் இந்தக் கப்பலில் இடம் பிடித்திருந்தார். அவள் வர ஆசைப்பட்ட இடத்தில் அவளுக்குச் சோறு வைக்க வேண்டும். எள், நெய், தர்ப்பை எல்லாம் யோசித்தவர் காக்கையை யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்? காற்று இருக்குமா என்று கேட்டுக்கொண்டா ஒரு ஊருக்குப் போகிறோம்.

திதி அன்று எஸ்பன்யோலா தீவு. காலையில் சார் குளித்து நெற்றியில் விபூதியோடு அடுப்படிக்கு வந்து, கொஞ்சம் சோறும் பருப்பும் நெய்யும் தனியாக வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு சரி, காக்கைக்கு வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் தூத்துக்குடியில் அக்கம்பக்கத்து மாடியிலிருந்து கா கா என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவன்தானே. அவர் அந்தச் சோற்றை அலுமினியத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கரைக்கு உணவு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று முந்தின நாள் வழிகாட்டி சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். கண்டுபிடித்தால் போவது அவளுடைய லைசென்ஸ். "இது உணவு இல்லப்பா" என்றார். எழுந்ததிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தார், சர்க்கரை நோய்க்கான மாத்திரையும் போட்டிருந்தார். காக்கை எடுத்த பிறகுதான் சாப்பாடு.

அந்தத் தீவின் ஓணான்கள் சிவப்பும் பச்சையுமாக, யாரோ கல்யாணத்துக்கு வர்ணம் அடித்துவிட்டதுபோல இருந்தன. பாறையில் ஒரு துளை வழியாக அலை புகுந்து பனைமர உயரத்துக்குப் பீச்சியடித்தது. ஆல்பட்ராஸ் கடற்பறவை ஜோடிகள் அலகோடு அலகு மோதிச் சிலம்பம் ஆடின. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. சார் பாதையின் ஓரத்தில் கடலைப் பார்த்து நின்று, "கா... கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. வேறொரு கப்பலில் வந்தவர்கள் அவர் ஏதோ பறவையைப் போலக் குரல் கொடுக்கிறார் என்று நினைத்துப் பாராட்டும் விதமாகப் பார்த்தார்கள்.

வந்தது. காக்கை அல்ல, சாம்பல் நிறப் போலிப்பறவை. வளைந்த அலகு, நீண்ட கால். அங்கே எந்தப் பறவைக்கும் மனிதரைக் கண்டு பயமில்லை, இதற்கு மட்டும் பயமும் இல்லை மரியாதையும் இல்லை. நேராக அவருடைய ஷூ மேல் ஏறிக் கயிற்றைக் கொத்தியது. சார் பொட்டலத்தைப் பிரித்துக் குனிந்தார். வழிகாட்டி அவசரப்படாமல் அவர் பக்கத்தில் போய் நின்றாள். கத்தவில்லை. வேண்டாம், ஒரு பறவைக்குப் போட்டால் அது குஞ்சையும் மனிதரிடம் கேட்டுத் தின்னப் பழக்கும், பிறகு தானாகத் தேடத் தெரியாமல் செத்துப்போகும் என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

பறவை தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். பயணம் தொடங்கிய பிறகு அவர் ஒன்றைப் பார்த்து நான் பார்த்தது அப்போதுதான். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு பொட்டலத்தை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "அவளுக்கும் யார்கிட்டயும் கேட்டு வாங்கிச் சாப்பிடப் பிடிக்காது."

கப்பலுக்குத் திரும்பியும் அவர் சாப்பிடவில்லை. மேசையில் பொட்டலத்தை வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். கப்பலோடு கூடவே பறந்த கறுப்புக் கப்பற்பறவைகளுக்குப் போடலாமா என்று யாரோ கேட்டார்கள், அதுவும் கூடாது. மனசால் நினைத்துக் கடலில் விடலாமே என்றார் ஒருவர். இப்போதைக்குச் சாப்பிடுங்கள், நியூஜெர்சி போய் வைத்துக்கொள்ளலாம் என்றார் டூர் அக்கா. "அடுத்த வாரம்னு அவகிட்ட சொல்லச் சொல்றியாம்மா?" என்றார் சார். மத்தியானம் தாண்டியதும் சர்க்கரை இறங்கி அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நான் சர்க்கரை கரைத்துக் கொண்டுபோனேன். வாயை இறுக்கிக்கொண்டார். அந்தக் கடலில் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை. கப்பலில் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குக் கோபம்தான் வந்தது, இரக்கம் வரவில்லை.

வழிகாட்டி என்னைத் தனியே அழைத்து இந்த மனிதர் ஏன் பட்டினி கிடக்கிறார் என்று ஸ்பானிஷில் கேட்டாள். எனக்குத் தெரிந்த அடுப்படி ஸ்பானிஷில் சொன்னேன். அவர் மனைவி செத்த நாள். எங்கள் ஊரில் இந்த நாளில் செத்தவர் பசியோடு வருவார். கறுப்புப் பறவை வந்து சாப்பிட்டால் அவர் சாப்பிட்டதாக அர்த்தம், அதற்குப் பிறகுதான் வீட்டில் மற்றவர்கள். அவள் கொஞ்சநேரம் கடலைப் பார்த்தாள். பறவையாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, ஏழைக்கும் விருந்தாளிக்கும் போடுவார்கள் என்று கேள்வி என்றேன். அவள் உள்ளே போய் சாருக்கு எதிரே உட்கார்ந்து பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நான் இந்தத் தீவில் பிறந்த பிராணி, எனக்குப் போடத் தடையில்லை, எனக்குப் பசிக்கவும் செய்கிறது என்று அவரிடம் சொன்னாள். சார் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

கையால் சாப்பிட அவளுக்கு வரவில்லை. ஆறிக் கட்டிதட்டிப் போன சோற்றைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். பாதியில் நிறுத்தி என்னிடம் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் சார்.

"உப்பு பத்தலையாம் சார்."

அவர் முகம் மாறிய விதத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாரின் மனைவிக்கு ரத்த அழுத்தம் இருந்தது. டாக்டர் சொன்னார் என்று கடைசி இரண்டு வருஷம் வீட்டில் உப்பு டப்பாவை ஒளித்து வைத்தவர் இவர். ஒவ்வொரு வேளையும் அவள் இதே சொல்லைத்தான் சொல்வாளாம். "போடுப்பா," என்றார், "அவ கேட்டா போடு. இனிமே என்ன." நான் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தேன். வழிகாட்டி தாராளமாகப் போட்டுக்கொண்டு கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். சார் தனக்கும் ஒரு தட்டை எடுத்துவரச் சொன்னார், ஊறுகாயும் கேட்டார். மறுநாள் படகில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார். நீலக்கால் பறவை காலைத் தூக்கித் தூக்கி ஆடியதைப் பார்த்து அது என்ன ஏது என்று வழிகாட்டியைத் துளைத்து எடுத்தார். சாம்பாரைப் பற்றிய புகார் மட்டும் கடைசி வரை இருந்தது.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. டெக்சாஸ் போனேன், மறுபடி திரும்பினேன், இப்போது கலிபோர்னியாவில், சான்டா கிளாராவில் ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் இட்லி, பொங்கல். முழங்கால் வலிக்கிறது. இன்னொரு ஊருக்குப் போகலாமா என்ற யோசனை வரும்போதே அலுப்பும் வருகிறது. சார் போய்விட்டார் என்று டூர் அக்கா போனில் சொல்லியிருந்தார். போன மாதம் ஒரு காலையில், மாவு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. சாரின் மகள், டூர் அக்காவிடம் எண் வாங்கி, நியூஜெர்சி வெஸ்ட் வின்ட்சரிலிருந்து. அமெரிக்காவிலேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அப்பாவின் முதல் திதி. காலையிலிருந்து வீட்டுப் பின்புறம் சோறு வைத்துக்கொண்டு நிற்கிறாளாம், காக்கைகள் மரத்தில் இருக்கின்றனவாம், ஒன்றும் இறங்கவில்லையாம். கணவனும் பிள்ளையும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டார்கள். அப்பா எப்போதும் ஒரு கதை சொல்வார், யாரோ ஒரு பெண் சாப்பிட்டாள் என்று, அப்படிச் செய்தால் செல்லுமா என்று கேட்டாள். சாஸ்திரம் கேட்க ஒரு வேதக்காரன்தான் உனக்குக் கிடைத்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

செல்லும் என்றேன். உன் அப்பாவே ஒத்துக்கொண்டார், அதற்கு மேல் யார் சொல்ல வேண்டும். சாப்பிடுகிறவருக்கு நிஜமாகவே பசிக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே யாருக்காவது பசிக்கிறதா என்று கேட்டேன்.

தூரத்தில் காக்கைகள் கத்துவது போனில் கேட்டது.

"எனக்கு" என்றாள், தமிழில்.

"அப்ப உக்காந்து சாப்பிடும்மா" என்றேன். அடுப்பைக் குறைத்துவிட்டு, அவள் சாப்பிடும் சத்தம் கேட்கும் வரை போனைப் பிடித்திருந்தேன்.