நிப்பர் எண்ணிய சங்கிலி

குளிர் வந்தால் என் வலது தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். காலையில் சட்டைக்குள் கையை நுழைக்க முடியாது. தடம் புரண்ட கரிவண்டிகளைத் தோள்கொடுத்துத் தூக்கியே வந்த வலி. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வலிக்கும்போதெல்லாம் நிப்பர் ஞாபகம் வருகிறான்... அதுதான் முடியவில்லை.

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். பாதிரியார் பேசும்போதே தூங்கிவிடுகிறவன். ஆனால் இது எனக்கு நடந்தது. 1938 டிசம்பர் 14, புதன்கிழமை. மேலே பட்டப்பகல். நான் இருந்தது டர்ஹாம் பக்கம் எல்ஸ்டோன் நிலக்கரிச் சுரங்கத்தில், தொள்ளாயிரம் அடி ஆழத்தில். அங்கே பகல் ஏது?

முதலில் நிப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பல் நிற மட்டக்குதிரை. கரி வெட்டும் இடத்திலிருந்து பெரிய பாதை வரைக்கும் வண்டிகளை இழுப்பது அவன் வேலை. அவனை ஓட்டுவது என் வேலை. என் கோட்டின் வலது பையில் ரொட்டி இருப்பது அவனுக்குத் தெரியும். மூக்கை விட்டு நெம்பி எடுத்துத் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்பான்.

அவனுக்கு எண்ணத் தெரியும். குதிரையோடு முதல் வண்டியையும், வண்டியோடு வண்டியையும் சங்கிலியில் கோத்திருப்போம். அவன் ஓர் அடி எடுத்து வைத்தால் சங்கிலிகள் ஒவ்வொன்றாக விறைக்கும். டிங்... டிங்... டிங்... டிங். நாலு வண்டி அவன் கணக்கு. ஐந்தாவது டிங் கேட்டால் அப்படியே நின்றுவிடுவான். கெஞ்சினாலும் அசைய மாட்டான்.

கரி வெட்டும் நார்மன் டுலிப் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "டேய் ரால்ஃப், நீ அஞ்சாங் கிளாசுல மூணு வருஷம் உக்காந்தவன். பேசாம அவன வண்டிய ஓட்டச் சொல்லிட்டு நீ இழு. கணக்காவது சரியா வரும்."

நவம்பர் 12, சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஊர் அணிக்குப் பக்கத்து ஊரோடு கால்பந்து. நான்தான் கோல்கீப்பர். ஒன்பது வண்டி பாக்கி இருந்தது. நாலு நாலாக இழுத்தால் மூன்று நடை. ஐந்தும் நாலுமாக இழுத்தால் இரண்டே நடை.

கழுத்தில் இருந்த மப்ளரைக் கழற்றி ஐந்தாவது சங்கிலியில் இறுக்கிச் சுற்றினேன்.

டிங் நாலு முறை கேட்டது. ஐந்தாவது சத்தம் துணிக்குள் அமுங்கிவிட்டது. நிப்பர் காதை ஆட்டினான். கொஞ்சம் யோசித்தான். என்னை நம்பி நடந்தான்.

இறக்கத்தில் ஐந்து வண்டியின் பாரத்தை அவனால் தாங்க முடியவில்லை. வண்டிகள் பின்னாலிருந்து மோதின. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு தப்பித்தேன். விளக்கைத் தூக்கிப் பார்த்தபோது அவன் கீழே கிடந்தான். பின்னங்கால்கள் இரண்டும் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன. கண் திறந்திருந்தது. அசைவில்லை.

குனிந்து மூச்சைப் பார்க்கவில்லை. பயம். மப்ளரை அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன். அவன் மேல் கிடந்த வாரையும் சங்கிலியையும் கழற்றிவிட்டு ஓடினேன்.

மேஸ்திரி கேட்டார். "என்னடா ஆச்சு?"

"மெரண்டு ஓடிட்டான் அண்ணே. வண்டி ஏறிடுச்சு."

"உசுரு இருக்கா? இருந்தா லாயக்காரர கூப்பிடணும். சுட்டுத்தான் ஆகணும்."

"செத்துட்டான்."

"சரி, திங்கக்கிழம இழுத்துக்கலாம். மேட்ச்சு இருக்கில்ல, கெளம்பு."

அன்று நாங்கள் ஜெயித்தோம்.

ஒரு மாதம் போனது. டிசம்பர் 14. காலை 9.50. கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டை எடுத்துவர என்னைத் தனியாக அதே பாதையில் அனுப்பினார்கள். அங்கே வேலை நின்றுபோய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. இறக்கத்தின் உச்சியில் கால் இடறியது. விளக்கு கல்லில் மோதி அணைந்தது.

சுரங்கத்தில் அணைந்த விளக்கை அங்கேயே ஏற்றக் கூடாது. வெடிக்கிற வாயு இருந்தால் ஊரே போய்விடும். தீப்பெட்டி கொண்டுபோனாலே ஜெயில். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். உட்கார். யாராவது வருவார்கள்.

உட்கார்ந்தேன். கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் முள் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. 10.12.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். கூரை மரங்கள் முனகும் சத்தம். அவ்வளவுதான்.

10.31. குளம்புச் சத்தம்.

டக்... டக்... டக்... டக்...

எனக்குச் சந்தோஷம். எவனோ குதிரையோடு வருகிறான். "யாருப்பா? இங்க ஒருத்தன் இருக்கேன்!"

பதில் இல்லை. வெளிச்சமும் இல்லை. விளக்கு இல்லாமல் எவன் வருவான்?

சத்தம் என் பக்கத்தில் வந்து நின்றது. ஈர வைக்கோல் வாசனை. கன்னத்தில் மூச்சுக் காற்று பட்டது. அந்த மூச்சில் சூடு இல்லை.

என் கோட்டின் வலது பையை ஏதோ நெம்பியது. மெதுவாக. பழகிய மாதிரி...

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

பை லேசானது. மெல்லும் சத்தம் கேட்டது.

அப்புறம்...

டிங்.

டிங்.

டிங்.

டிங்.

நின்றது.

தப்.

துணிக்குள் அமுங்கிய சத்தம். அந்த மப்ளர் விஷயம் உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

குளம்புச் சத்தம் மறுபடியும் கிளம்பியது. இப்போது வேறு மாதிரி.

டக்... டக்... சர்ர்ர்...

டக்... டக்... சர்ர்ர்...

விளக்கு போனால் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பது எங்கள் வழக்கம். அதற்கு வழி தெரியும். ஏன் கையை நீட்டினேன் என்று கேட்காதீர்கள். நீட்டினேன். கையில் வால் வந்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்... குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது.

நடந்தேன். அழுதுகொண்டே நடந்தேன். "நிப்பர்... வேணும்னு பண்ணலடா..."

11.04. நின்றது.

தூரத்தில், பெரிய பாதையின் விளக்கு தெரிந்தது. மஞ்சளாக. அந்த வெளிச்சத்துக்கும் எனக்கும் நடுவே எதுவுமே இல்லை.

ஆனால் வால் என் கையில் இருந்தது.

"வாடா..." என்றேன். வரவில்லை.

கையை விட்டேன். ஓடினேன்.

பின்னால் அவன் மூச்சு மட்டும்...

திரும்பிப் பார்க்கவில்லை.

நேரே சுரங்கத்துக்குள்ளேயே இருந்த லாயத்துக்குப் போனேன். செப் ஹெட்லி உட்கார்ந்து வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக லாயக்காரர். குதிரைகளிடம் பேசுவதில் பாதிகூட மனுஷர்களிடம் பேச மாட்டார்.

"செப் அண்ணே, இன்னிக்கு அந்தப் பழைய பாதைல எந்தக் குதிர போச்சு?"

"எதுவும் போகல. எல்லாம் கட்டிக் கெடக்கு, இல்லாட்டி தெக்க வேலைல இருக்கு. ஏன்? மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

நான் கேட்டேன். "நிப்பர எங்க இருந்து எடுத்தீங்க?"

ஊசி நின்றது.

"ஒரு மாசமா கேக்கல. இப்ப என்ன?"

"சொல்லுங்கண்ணே."

"பெரிய பாத வெளக்கு தெரியும்ல, அந்த வளைவு. அங்க."

"இல்லண்ணே, அவன் விழுந்தது எறக்கத்துல..."

"எறக்கத்துலதான் விழுந்தான். தெரியும். ரத்தம் அங்க இருந்துதான் கோடு போட்டிருந்துச்சு. எண்ணிப் பாத்தேன். இருநூத்திப் பத்து தப்படி. முன்னங்காலாலயே இழுத்துக்கிட்டு வந்திருக்கான். முட்டியில தோலே இல்ல."

நான் வைக்கோல் மேல் உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கெழம தீவனம் வைக்க வந்தேன்டா. தூரத்துல ஏதோ தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு. தண்ணி பம்புன்னு நெனச்சுட்டேன். செத்த குதிர சத்தம் போடுமா? நீதான் செத்துட்டான்னு சொல்லிட்டியே."

அவர் ஊசியை மறுபடியும் எடுத்தார். தைக்க முடியவில்லை.

"திங்கக்கெழம காலைல ஆறு மணிக்குப் போய் அவன் கழுத்துல கைய வச்சேன், ரால்ஃப். உடம்பு சூடா இருந்துச்சு."

சனி மதியத்திலிருந்து திங்கள் விடியும் வரை. அந்த இருட்டில், தனியாக.

மப்ளரைப் பற்றிச் செப்பிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய் ஒரு குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். சாகும்வரை என்னிடம் பேசவில்லை.

சுரங்கத்தை மூடி நாலு வருஷமாகிறது. பாதைகள் முழுக்கத் தண்ணீர். எனக்கு அறுபத்திரண்டு வயது.

நிப்பருக்கு நான் ஒரு நல்ல சாவு கடன்பட்டவன். இன்னும் கொடுக்கவில்லை.